மீன் இல்லாத பக்கம்

எனக்குப் படம் வராது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. சிலருக்குச் சமையல் வராது, சிலருக்கு சைக்கிள் வராது, எனக்குப் படம் வராது. அப்படிப்பட்டவள் போய் விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ந்தது யார் குற்றம் என்று கேட்டால், வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் பதில். முதல் வருடம் ரெக்கார்ட் நோட்டில் நான் வரைந்திருந்த தவளையைப் பார்த்துவிட்டு எங்கள் மேடம், "இது என்னம்மா, பஸ் ஏறிப்போன தவளையா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் பக்கத்து பெஞ்சுக்காரி என் காதோடு ஒரு விலாசம் சொன்னாள். திண்டுக்கல் பேகம்பூரில், பள்ளிவாசல் தாண்டி இரண்டாவது சந்து, பச்சைக் கதவு, மாடி.

"அந்த அக்கா வரைஞ்சு குடுக்கும். ஆனா கேள்வி கேட்டே கொல்லும்" என்றாள்.

பச்சைக் கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். காதோரம் ஒரு பென்சில் செருகியிருந்தது. தலையில் போட்டிருந்த முந்தானை நழுவாமல் அந்தப் பென்சில்தான் பிடித்துக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் என் செருப்பைப் பார்த்தார்.

"கன்னிவாடியா?"

"இல்லக்கா, வேடசந்தூரு."

"அப்படியா! அங்கயும் மண்ணு இந்தக் கலருதானா?" என்று முகம் மலர்ந்தார். தான் சொன்னது தப்பாகிப் போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

முதலில் நான் கொடுத்தது நட்சத்திர மீன். புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"இது எங்க கெடக்கும்?"

"கடல்லக்கா."

"கடல்னா? மேலயா, அடியிலயா? பாறையிலயா, மணல்லயா? ஒருத்தரு வீடு எங்கன்னு கேட்டா திண்டுக்கல்லுன்னு சொன்னாப் போதுமா? தெரு வேணாமா, கதவு நம்பரு வேணாமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டார். படம் வரைந்து வாங்கப் போனவள் வீட்டுப்பாடத்தோடு திரும்பினேன்.

அக்கா விலங்கியல் படித்தவர் இல்லை. பன்னிரண்டாவதில் வணிகவியல். யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கரப்பான்பூச்சி வரைந்து கொடுத்ததில் ஆரம்பித்தது, பிறகு வருடா வருடம் கல்லூரிப் பெண்கள் நோட்டும் கையுமாக அந்தப் படி ஏறிக்கொண்டே இருந்தார்கள். அவர் வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில் வேலை. தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வந்து குளித்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து, மனைவி வரைகிற புழு பூச்சிகளை எட்டிப் பார்த்து மெதுவாகச் சிரித்துக்கொள்வார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

அக்காவுக்கு எந்தப் பொருளும் ஒரு இடத்தில் வைக்கப்படாமல் பொருளாகாது. வாசலில் காய் வண்டி வந்து நின்றால் விலை கேட்கமாட்டார்.

"வெண்டைக்கா எங்கிட்டு வெளஞ்சது?"

"வடமதுரைக்கா."

"வடமதுரைல கெணத்துத் தண்ணியா, போர்த் தண்ணியா?"

"யக்கா, வெண்டைக்கா வாங்குறியா, இல்ல பொண்ணு குடுக்கப் போறியா?" என்று வண்டிக்காரர் ஒருநாள் வாய்விட்டே கேட்டார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சோற்றுக்கு அந்த வெண்டைக்காயில் வெஞ்சனம் வைக்கும்போதும் வடமதுரைக் கிணறுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

கரப்பான்பூச்சி கொடுத்தபோது மட்டும் கேள்வி இல்லை. "இது எங்க கெடக்கும்னு நான் ஒனக்குச் சொல்றேன் வா" என்று அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் சிலிண்டரை நகர்த்திக் காட்டினார். கல்லீரல் புழு கொடுத்ததுதான் வினையாகப் போயிற்று. எங்கே கிடக்கும் என்று கேட்டார், ஆட்டு ஈரலில் என்று நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் ஈரல் வறுவல் உண்டு. அடுத்த மூன்று வெள்ளிக்கிழமை அது நின்றுபோனது. நாலாவது வாரம் ஈரலைக் கடுகு கடுகாக நறுக்கி ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போட்டாராம். "ஏம்மா, ஒன் காலேஜ்ல நல்ல மிருகம் ஒன்னும் கெடையாதா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். அண்ணன் என்று நான் கூப்பிட்டது அக்கா வீட்டுக்காரரைத்தான்.

ஆனால் அந்தக் கல்லீரல் புழுவின் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் புத்தகத்தில் அது ஒரு இலை. அக்கா நோட்டில் வரைந்தது, ஒரு குழாய்க்குள் நெருக்கிக்கொண்டு போகிற இலை. அந்தக் குழாயைப் புத்தகம் வரையவில்லை, அக்காவும் வரையவில்லை. ஆனாலும் அது நெருக்கிக்கொண்டு போவது தெரிந்தது. எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எல்லாப் பெண்களும் என்னைப் போலப் பொறுமையாக இல்லை. கேள்விக்குப் பதில் கொண்டுவராவிட்டால் அக்காவுக்குக் கை ஓடாது, நோட்டு வாரக்கணக்கில் கிடக்கும். பலர் ஜெராக்ஸ் வைத்துச் சுளுவாக அச்செடுத்துக் கொடுக்கிற வேறு ஆளிடம் போய்விட்டார்கள். நான் போகவில்லை. கொஞ்சம் பிரியம், கொஞ்சம் சேமியா பாயசம், கொஞ்சம் எனக்கே ஒட்டிக்கொண்ட வியாதி. மண்புழு எந்த ஆழத்தில் இருக்கும் என்று நான் மேடத்திடம் கேட்டபோது அவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

இப்போது அந்த மாடியில் வேறு குடும்பம் இருக்கிறது. நான் வடமதுரையில் பள்ளிக்கூட வேலைக்கு வந்த பிறகு ஒருமுறை தேடிக்கொண்டு போனேன். கோயம்புத்தூர் போய்விட்டார்கள் என்றார்கள். கோயம்புத்தூரில் எங்கே என்று கேட்டேன். விழித்தார்கள்.

கல்லூரி மூன்றாவது வருடப் பாடத்தில் மீன்கள் வந்தன. அதில் ஒன்று மின் திருக்கை.

அதற்கு முன் என் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். அப்பா நூல் மில்லில் ஷிப்டு வேலை. கெட்டவர் இல்லை, களைத்தவர். "மூணு வருசம் தள்ளிருவேன் தாயி. நடுவுல ஒரு பேப்பரு போச்சுன்னாலும் மறுநா மில் பஸ்ல ஒனக்கும் ஒரு சீட்டு" என்று சேரும்போதே சொல்லியிருந்தார். விடிந்தும் விடியாமலும் அந்த பஸ் எங்கள் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வேன். செய்முறைத் தேர்வில் ரெக்கார்டுக்கு மதிப்பெண் உண்டு. அதைவிட முக்கியம், ரெக்கார்டை வேறு ஆள் வரைந்தது என்று வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் கண்டுபிடித்துவிட்டால் தேர்வே செல்லாது, அடுத்த வருடம்தான். எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

மின் திருக்கையை நான் தயாராகத்தான் கொண்டுபோனேன்.

"கரண்டு வச்சிருக்குற மீனா?" என்று அக்கா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஆமாக்கா. ஆழமில்லாத கடல்ல, மணலும் சேறுமா இருக்குற தரையில, பாதி புதைஞ்சு கெடக்கும். புழு, சின்னச் சின்ன உயிரு எல்லாம் திங்கும்." ஒப்பித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன்.

"பாதின்னா எந்தப் பாதி?"

புத்தகத்தில் அது இல்லை.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பார்மலின் பாட்டிலில் ஒன்று இருந்தது. மீன் அகலம், பாட்டில் ஒடுக்கம். அதனால் வாலை இடது பக்கம் மடக்கித் திணித்திருந்தார்கள். மருந்தில் ஊறி ஊறி வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு போல வெளுத்துவிட்டது. எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் நோட்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். எல்லாருடைய மின் திருக்கைக்கும் வால் இடது பக்கம் மடங்கியிருக்கும், நிறம் வெளிர் மஞ்சள் என்று எழுதியிருக்கும். திண்டுக்கல் பெண்களுக்கு மட்டும் கடல் அப்படி ஒரு மீனைப் படைத்திருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இது பாட்டில்ல கெடக்குறது. கடல்ல கெடக்குறதக் கேக்குறேன்" என்றார்.

யூடியூபில் ஒரு வீடியோ தேடிக் கொடுத்தேன். பாட்டுப் போட்டு, விளக்கடித்து, மீன் எழும்பி வாலாட்டிக்கொண்டு ஓடுகிறது. அக்கா இரண்டு தடவை பார்த்தார். "ஓடுறதத்தான் எடுக்குறாக. சும்மா கெடக்குறத எவனும் எடுக்க மாட்டேங்குறான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு மீன் மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்தார். ராமநாதபுரம் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வருகிற கடை ஒன்று அவருக்குப் பழக்கம். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

"அது வராதுக்கா. வலையில விழுந்தா போட்லயே தூக்கி எறிஞ்சிருவாக. அத யாரு திங்கிறது?"

"திங்கக் கேக்கல. பாக்கக் கேக்குறேன்."

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம் தினமும் போய் நின்றிருக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. "புள்ள, வந்துருச்சு. வெரசா வா." கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்ததைச் சொல்கிற குரல்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடை முன்னால் கூட்டம். நடுவில் ஒரு தெர்மாகோல் மூடி, அதன் மேல் அந்த மீன். எல்லாரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். பொடி மீன் பெட்டியோடு தெரியாமல் வந்துவிட்டதாம். கடைக்காரர் மீன் வெட்டுகிற அரிவாளைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

"தொடாதீகக்கா, அடிச்சிரும்."

"செத்துருச்சுல்ல?"

"மீனு செத்துருச்சு. கரண்டு செத்துச்சான்னு எப்புடித் தெரியும்?"

ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னார் ஒருவர். காய்ந்த குச்சி எடுத்துக் கொடுத்தார் இன்னொருவர். எதிர் கோழிக் கடைக்காரர் ஒரு டெஸ்டரோடு வந்தார், எலக்ட்ரீஷியன் திருப்புளியின் பிடிக்குள் சிவப்பு விளக்கு எரியுமே, அது. மீனில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. "நம்ப முடியாது, டெஸ்டரே ரிப்பேரு" என்று அவரே சொன்னார். அக்கா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி மீனின் நடு முதுகில் வைத்தார். கூட்டம் மீனைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்தது.

"ஒன்னுமில்ல. வழுவழுன்னு இருக்கு."

அக்கா வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் அலுமினியத் தட்டில் வைத்தோம். இரண்டு சாண் நீளம் இருக்காது. முன்பாதி ஒரு தடித்த தோசை போல வட்டமாக, சதைப்பிடிப்பாக இருந்தது. பின்பாதியில் கட்டை வால், அதன் மேல் சிறிதும் பெரிதும் இல்லாமல் ஒரே அளவில் இரண்டு துடுப்பு, முனையில் இன்னொன்று. செதில் ஒன்றுகூட இல்லை. முதுகு செம்மண்ணும் சாம்பலும் கலந்த பழுப்பு, அதில் திட்டுத் திட்டாகக் கரும்புள்ளி. அண்ணன் வந்து தொழில்முறையில் ஒருமுறை தடவிப் பார்த்தார். "உரிச்சா ஒரு சாவிக்கொத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா திருப்பிப் போட்டார். வயிறு சுத்த வெள்ளை. ஒரு சின்ன வாய், உதட்டை நீட்டினால் குழாய் போல வெளியே வந்தது. வாய்க்குக் கீழே இரண்டு பக்கமும் ஐந்தைந்து செவுள் கீறல். அவற்றுக்கு வெளிப்பக்கம், தோலுக்கு அடியில், அவரை விதை வடிவத்தில் பெரிதாக ஒரு திட்டு, அதற்குள் தேன்கூடு போல அறை அறையாக.

"இதுதான் கரண்டு பொட்டியா?"

"ஆமாக்கா. அம்புட்டு அறையும் சேந்துதான் கரண்டு."

மறுபடி முதுகுப் பக்கம் திருப்பினார். கண் இரண்டும் மிளகளவுதான். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒட்டினாற்போல் பின்னால் ஒரு ஓட்டை.

"இது என்ன, காதா?"

"சுவாசத் துளைக்கா. வாயி அடியில மண்ணுக்குள்ள இருக்குல்ல, அதனால மேல இருக்குற இந்த ஓட்டை வழியாத் தண்ணிய இழுத்து, அடியில செவுள் வழியா விட்டுரும்."

புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன். அக்கா ஒரு ஊசியை எடுத்து அந்த ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுரண்டினார். ஊசி முனையில் நாலைந்து மணல் வந்தது. சாம்பல் நிறத்தில், கிளிஞ்சல் தூளோடு. அதைத் தீப்பெட்டி அட்டையில் தட்டி, வெயிலில் வைத்துப் பார்த்தார்.

"கண்ணு மூடக்கூடாது. இந்த ஓட்டையும் மூடக்கூடாது. மத்தது அம்புட்டையும் மூடிக்கலாம்" என்றார். "அந்தப் பாதி எந்தப் பாதின்னு இப்பத்தான் புள்ள தெரியுது."

அவருக்கு அன்றைக்கு வந்த முகவெளிச்சத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. எனக்கும் உடம்பு சிலிர்த்தது. மூன்று வருடம் படித்ததில் ஒரு வரி எனக்குப் புரிந்தது அந்த மொட்டைமாடியில்தான். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன். இது கல் உடைத்த மணல், அந்த இடத்து மணல் இல்லை என்று அக்கா ஒதுக்கிவிட்டார். கோதுமை ரவையைத் தட்டில் கொட்டி மீனை மூடி, கண்ணையும் ஓட்டையையும் மட்டும் ஊதித் திறந்து, நின்று ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை, ஸ்டூல் மேல் ஏறி ஒருமுறை பார்த்தார். நாற்றம் கிளம்புகிற வரைக்கும் பார்த்தார்.

மேடம் எல்லார் ரெக்கார்டுகளையும் அடுக்கி வைத்துக் கையெழுத்துப் போட்டபோது அந்த ஒரு படம் மட்டும் பாக்கி. அவர் புரட்டிப் பார்க்காமலே போட்டுவிட்டார். நோட்டை அக்காவிடம் திரும்பக் கொடுத்தேன். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாங்கப் போனேன்.

பக்கத்தைத் திறந்தேன். மணல். பக்கம் முழுவதும், விளிம்பிலிருந்து விளிம்பு வரை, பென்சில் முனையால் குத்திக் குத்தி வைத்த மணல். அலை வந்து போன தடம் லேசாக ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் அந்தத் தடம் கொஞ்சம் மேடாகி இறங்கியது. அந்த மேட்டில் இரண்டு மிளகு, இரண்டு ஓட்டை. மீனுக்கு வெளிக்கோடு என்று ஒன்றே கிடையாது. அடிஸ்கேல் வைத்து அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்திருந்தார். மூன்றே மூன்று: கண், சுவாசத் துளை, மணல்.

"அக்கா, மீனு எங்க?"

"நல்லாப் பாரு."

"எனக்குத் தெரியுதுக்கா. எக்ஸ்டர்னலுக்குத் தெரியணும்ல? வாலு எங்க? துடுப்பு எங்க? கரண்டு உறுப்பு எங்க?"

"மணலுக்குள்ள."

"அக்கா!"

"நீதான படிச்ச, பொதைஞ்சு கெடக்கும்னு? முழுசாத் தெரியிறது செத்த மீனு புள்ள. செத்தத நான் தட்டுல பாத்தாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மில் பஸ் கதையை அப்போதுதான் அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். அக்காவின் முகம் மாறிப்போனது. ரப்பரை எடுத்தார். பக்கத்தின் மேல் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. பிறகு ரப்பரை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"என்னால முடியல. நீ வீட்டுல வச்சு அழிச்சுக்க. நான் கோவிச்சுக்க மாட்டேன், சத்தியமா." படி வரைக்கும் கூடவே வந்தார். "நாளைக்கு வாரவரு கடலோர ஊருன்னு சொன்னியே?"

"ஆமா."

"அழிக்காமப் போனா, இப்புடித்தான் கெடக்குமான்னு மட்டும் அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. தப்புன்னாலும் வந்து சொல்லு. அது ஒன்னுதான் எனக்குத் தெரியணும்."

அழிக்கவில்லை. அக்காவின் மேல் பிரியத்தால் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை, அழித்துவிட்டு அந்த இடத்தில் வரைய எனக்கு ஒரு மீனும் வராது.

எக்ஸ்டர்னல் மெலிந்த மனிதர், வெயிலில் கறுத்த முகம். முதலில் என் விடைத்தாளைப் பார்த்தார். அதில் நான் வரைந்த நண்டு ஒன்று இருந்தது. அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் ரெக்கார்டைத் திறந்தார். புரட்டிக்கொண்டே போனவர் அந்தப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். பக்கத்தில் எங்கள் மேடம் நின்றிருந்தார்.

"இது என்ன?"

"மின் திருக்கை சார்."

"மீதி எங்க?"

"மணலுக்குள்ள சார்."

அவர் நோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வாலில் துடுப்பு எத்தனை, செவுள் எங்கே, கண்ணுக்குப் பின்னால் எதற்கு ஓட்டை, வாய் எப்படி நீளும். நான் மனசால் அக்காவின் மொட்டைமாடியில் நின்றுகொண்டு பதில் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். வயிற்றுத் தேன்கூடு வரைக்கும், ஊசியில் வந்த மணல் வரைக்கும் சொன்னேன். அவர் நோட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"படிக்கிற காலத்துல முழங்கால் ஆழத் தண்ணியில வலை இழுத்துக்கிட்டுப் போயிருக்கேன். கீழே பாத்தா வெறும் மணல். கால வச்சேன். தொடை வரைக்கும் மரத்துப் போச்சு. அப்புறம் குனிஞ்சு தேடிப் பாத்தா, இதேதான். இப்படியேதான் இருந்தது." பக்கத்தை விரலால் தொட்டார். "எல்லாரும் பாட்டிலைப் பாத்து வரையிறாங்க. இத மாதிரி ஒரு படம் நான் பாத்ததில்ல. யாரு வரைஞ்சது?"

மேடம் என்னைப் பார்த்தார். பஸ் ஏறிப்போன தவளையை அவர் மறந்திருக்க முடியாது.

"நான்தான் சார்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எக்ஸ்டர்னல் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, தன் மாணவர்களுக்குக் காட்டப் போவதாகச் சொல்லி, என் பெயரைக் கேட்டுக் கீழே குறித்துக்கொண்டார். என் பெயரை. முழு மதிப்பெண் போட்டார். அப்பாவின் மில் பஸ்ஸில் எனக்கு சீட்டு இல்லை என்று அந்த நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

கல்லூரியிலிருந்து பேகம்பூர் நடந்தே போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இப்படியேதான் கிடக்கும் என்று சொன்னார் என்பேன். அக்கா குதிப்பார். ஆனால் ஒரு பதிலோடு நிற்கிற ஆளா அவர்? வேற என்ன கேட்டாரு, யாரு வரைஞ்சதுன்னு கேட்டாரா, நீ என்ன சொன்ன, இப்படி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார். கடைசிக் கதவுக்குப் பின்னால் என்னுடைய "நான்தான் சார்" நின்றுகொண்டிருந்தது. பச்சைக் கதவு திறந்தேதான் இருந்தது. அக்கா படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்ன புள்ள சொன்னாரு?"

"பாக்கலக்கா."

"என்னது?"

"அந்தப் பக்கத்தப் பாக்கவே இல்ல. சும்மா புரட்டிக்கிட்டே போயிட்டாரு."

"கொஞ்சம்கூட நிக்கலையா? கடலோரத்துக்காரரு?"

"இல்லக்கா. பாஸ் போட்டுட்டாரு."

அக்கா என்னையே பார்த்தார். அவர் முகம் விழப்போகிறது, அதைப் பார்க்க வேண்டியதுதான் எனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. மெல்ல மெல்ல அது விரிந்தது. எழுந்து உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏங்க, கேட்டீகளா? கடல்லயே கெடந்த மனுசனுக்கே தெரியலயாம்! வெறும் மணலுன்னு தாண்டிப் போயிட்டாராம்! அப்ப சரியாத்தான் போட்டிருக்கேன், இல்ல?"

அண்ணன் உள்ளேயிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. இல்லை அக்கா, நான் பொய் சொன்னேன் என்று சொல்ல அப்போது ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, முந்திரி தூக்கலாகப் போட்டுச் சேமியா பாயசம் காய்ச்சினார். காய்ச்சிக்கொண்டே அடிக்கொருதரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். நன்றாக இறங்கியது. இன்னொரு கரண்டி வைத்தார், அதையும் சாப்பிட்டேன்.